கண் தெளிந்தால் எழுத்தும் தெளியும்

1. எட்டிப் போன புத்தகம்

பாறசாலை கேரளத்தின் தென்கோடி. அதைத் தாண்டினால் இஞ்சிவிளை. அடுத்து களியக்காவிளை. களியக்காவிளை தமிழ்நாட்டில் இருக்கிறது.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இந்த எல்லை வந்தது. விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. எல்லை வந்தாலும் உறவு அறவில்லை. இங்கே பெண் கொடுக்கிறார்கள். அங்கே பெண் எடுக்கிறார்கள். ஒரே வீட்டில் தமிழும் பேசுகிறார்கள், மலையாளமும் பேசுகிறார்கள்.

அப்படி ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீடு. வீட்டில் நான்கு பேர். பாட்டி, அப்பா, அம்மா, மகள்.

அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பாட்டிக்கு வயது 70.

அம்மாவுக்கு வயது 46. அவர் மாலை வகுப்புக்குப் போகிறார். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிவிட்டார். ஆனால் சில நாட்களாக வகுப்பு என்றால் அவருக்கு அலுப்பு. ஒருநாள் டீச்சரிடம் சொல்லியே விட்டார்.

"எனக்குப் படிப்பு ஏறாது டீச்சர். நாளை முதல் நான் வரல்ல."

டீச்சர் பதில் சொல்லவில்லை. ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தார். "ஒரு வரி மட்டும் வாசியுங்கள் அக்கா" என்றார்.

அம்மா புத்தகத்தை வாங்கினார். கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். தலையைப் பின்னால் சாய்த்தார். பிறகு வரியை வாசித்தார். பிழையே இல்லை.

டீச்சர் புத்தகத்தை அம்மாவின் முகத்துக்கு அருகே கொண்டு வந்தார்.

"இப்போது வாசியுங்கள்."

"எழுத்தெல்லாம் கலங்கிப் போச்சு டீச்சர்."

"ஊசியில் நூல் கோக்க முடிகிறதா?"

"இல்லை. மகள்தான் கோத்துத் தருவாள்."

டீச்சர் சிரித்தார். "உங்கள் தலையில் ஒரு குறையும் இல்லை அக்கா. கண்ணுக்குத்தான் ஒரு துணை வேண்டும்."

பிறகு டீச்சர் ஒரு பழைய செய்தியைச் சொன்னார்.

எறணாகுளம் மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. வயதானவர்கள் பலர் வகுப்புக்கு வந்தார்கள். ஆனால் எழுத்து அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. தொண்டர்கள் இதைக் கண்டார்கள். ஊர் ஊராக மூக்குக்கண்ணாடி திரட்டினார்கள். எந்தக் கண்ணுக்கு எந்தக் கண்ணாடி என்று பார்க்க மருத்துவர்களிடம் பழகிக் கொண்டார்கள். ஏறக்குறைய 50 ஆயிரம் கண்ணாடிகளைக் கொடுத்தார்கள். 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் எறணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல் மாவட்டம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கேரளம் முழுவதுக்கும் அந்த அறிவிப்பு வந்தது.

"ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளியில் கண் பரிசோதனை முகாம். வீட்டில் எல்லாரையும் கூட்டி வாருங்கள்" என்றார் டீச்சர்.

2. வீட்டில் ஒரு பேச்சு

அன்று இரவு வீட்டில் வேறு பேச்சு நடந்தது. நாகர்கோவிலிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டார்கள். பெரியம்மா மகளைப் பார்த்தார்.

"இன்னும் இந்தக் கண்ணாடியைக் கழற்றலியா மக்களே? நாளைக்குப் பெண் பார்க்க வருவாங்க. கண்ணாடி போட்ட பெண் என்று சொல்லுவாங்க. இப்போ லேசர் இருக்கு. பத்து நிமிட வேலை. கண்ணாடியை வீசி எறியலாம்."

மகள் தலை குனிந்தாள். நான்கு ஆண்டுகளாகக் கண்ணாடி போடுகிறாள். பள்ளியில் கேலி பேசுகிறார்கள். அவளுக்கும் ஆசைதான்.

"செலவு எவ்வளவு?" என்று அப்பா கேட்டார்.

"பல ஆயிரம் ஆகும். சில இடத்தில் லட்சம்கூட ஆகும். இவள் கழுத்தில் செயின் கிடக்குதே."

அம்மா தன் செயினைத் தொட்டுப் பார்த்தார். அந்த வீட்டில் இருந்த தங்கம் அது ஒன்றுதான். "மகளுக்காக அடகு வைக்கலாம்" என்றார்.

பாட்டி திண்ணையில் இருந்தார். ஐந்து ஆண்டுகளாக அவர் கண்ணில் புகை மூடியதுபோல் இருக்கிறது. கோழியா, பூனையா என்று தெரியாது. இரண்டு முறை படியில் தடுக்கி விழுந்தார். நந்தியாவட்டைப் பூவின் சாற்றைக் கண்ணில் விட்டுப் பார்த்தார். குணமாகவில்லை.

பாட்டி 1990இல் எழுத்து படித்தவர். ஓலைப்பாயில் உட்கார்ந்து படித்தார். துபாயிலிருந்து தெருவுக்கு வந்த கடிதங்களை எல்லாம் அவர்தான் வாசித்துச் சொல்வார். இன்று அவர் புத்தகத்தைத் தொடுவதில்லை.

"ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாங்க மாமி" என்று அம்மா அழைத்தார்.

"எனக்கு இனி எதுக்குக் கண்? பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாச்சு. இருக்கிற காசை அந்தப் பிள்ளைக்குச் செலவு பண்ணுங்க" என்றார் பாட்டி.

3. முகாமில்

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான்கு பேரும் பள்ளிக்குப் போனார்கள். மகள் பாட்டியின் கையைப் பிடித்துக் கொண்டாள்.

சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வாசிக்கச் சொன்னார்கள். பிறகு கருவியால் பார்த்தார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கடைசியில் டாக்டர் பார்த்தார்.

முதலில் அம்மா.

"உங்களுக்கு வெள்ளெழுத்து" என்றார் டாக்டர். "இது நோய் அல்ல. நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. சிறு வயதில் அது வளைந்து கொடுக்கும். கிட்டே உள்ளதைப் பார்க்க அது தடிக்கும். நாற்பது வயதுக்கு மேல் அது இறுகிவிடும். அதனால் கிட்டே உள்ள எழுத்து மங்கும். இது எல்லாருக்கும் வரும். வாசிக்கும் கண்ணாடி போதும்."

அசாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அது 2018இல் வெளிவந்தது. 40 வயது கடந்த 751 பேர் அதில் பங்கு பெற்றார்கள். கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இலை பறித்தார்கள். கண்ணாடி படிப்புக்கு மட்டும் அல்ல. கூலிக்கும் அது உதவும்.

அடுத்து அப்பா. அவருக்கும் வெள்ளெழுத்து. அதோடு சர்க்கரை நோய் உண்டு. டாக்டர் அவர் கண்ணின் உட்புறத்தை நன்றாகப் பார்த்தார்.

"விழித்திரை இப்போது நன்றாக இருக்கிறது. சர்க்கரை நோய் அந்தத் திரையைக் கெடுக்கும். கெடும்போது வலிக்காது. பார்வை குறைந்த பிறகுதான் தெரியும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்."

அடுத்து மகள். அவள் முந்திக் கொண்டாள்.

"டாக்டர், எனக்கு லேசர் செய்யலாமா?"

டாக்டர் பழைய சீட்டைக் கேட்டார். போன ஆண்டு பவர் மைனஸ் இரண்டரை. இந்த ஆண்டு மைனஸ் மூன்று.

"உனக்குக் கிட்டப்பார்வை. கிட்டே தெரியும். தூரத்தில் மங்கும். உன் கண் உருண்டை கொஞ்சம் நீண்டிருக்கிறது. அதனால் ஒளி விழித்திரையில் குவியாமல் அதற்கு முன்பே குவிகிறது. கண்ணாடி அதைச் சரியான இடத்தில் விழ வைக்கிறது."

"லேசர் என்ன செய்யும்?"

"கருவிழியின் மேலே தெளிவான படலம் இருக்கிறது. லேசர் அந்தப் படலத்தை மிக மிக மெல்லியதாகச் செதுக்கும். கிட்டப்பார்வைக்குப் படலத்தின் நடுவைக் கொஞ்சம் தட்டையாக்கும். அப்போது ஒளி சரியாகத் திரையில் விழும். ஆனால் உனக்கு வயது 17. உன் பவர் இன்னும் ஏறுகிறது. இன்று செதுக்கினால் நாளை மறுபடியும் பவர் வரும். மறுபடியும் கண்ணாடி வரும். செலவழித்த காசு வீணாகும்."

மகளின் முகம் வாடியது.

"வேண்டாம் என்று சொல்லவில்லை மகளே. இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 18 வயது ஆகட்டும். 21 ஆனால் இன்னும் நல்லது. ஓர் ஆண்டாவது பவர் மாறாமல் நிற்கட்டும். பிறகு படலத்தின் தடிமனை அளந்து பார்ப்போம். அப்போது நீயே முடிவு செய்."

கடைசியாகப் பாட்டி. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். கண்ணின் நடுவே சாம்பல் வெள்ளை தெரிந்தது.

"இது கண்புரை. உள்ளே உள்ள லென்ஸ் வெளுத்து மங்கிவிட்டது. இரண்டு கண்ணிலும் இருக்கிறது. இதற்கு மருந்து இல்லை. சாறு விட்டாலும் போகாது. சாறு விட்டால் கண்ணில் புண்தான் வரும். அறுவை செய்தால் பார்வை வரும்."

"புரை நல்லா முற்றட்டும் என்று சொன்னாங்களே?" என்று அப்பா கேட்டார்.

"அது பழைய காலத்துப் பேச்சு. முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். மிகவும் முற்றினால் அறுவை கடினமாகும்."

"செலவு?"

"அரசு மருத்துவமனையில் இலவசம். திருவனந்தபுரத்தில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. சீட்டு எழுதித் தருகிறேன்."

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். காத்திருக்கக் கூடியவளுக்கு அவசரப்பட்டார்கள். காத்திருக்கக் கூடாதவரைத் திண்ணையில் உட்கார வைத்திருந்தார்கள்.

4. லேசர் வந்த கதை

லேசர் என்பது ஒரு வகை ஒளி. லேசர் பல வகை. சர்க்கரை நோயால் கெட்ட விழித்திரைக்கு ஒரு லேசர் உண்டு. கண்ணாடியைக் கழற்ற வேறு லேசர் உண்டு. அதன் பெயர் எக்சைமர் லேசர். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி.

அந்த லேசரால் உடலின் திசுவைச் செதுக்க முடியும் என்று கண்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன். பிறந்த ஆண்டு 1929. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு அமெரிக்கா சென்றார். அங்கே ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தார்.

1981ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் நன்றி கூறும் திருநாள். அன்று வான்கோழி சமைப்பார்கள். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் சீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். அதன் மேல் அந்த லேசரைப் பாய்ச்சினார். துண்டு கருகவில்லை. பொசுங்கவில்லை. கத்தியால் கீறியதைவிட நுட்பமாக வெட்டு விழுந்தது. சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் என்னும் இருவரும் அவரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். பிறகு கண் மருத்துவர்கள் இதைக் கண்ணுக்குப் பயன்படுத்தினார்கள். 2013இல் அமெரிக்க அதிபர் இந்த மூவருக்கும் தேசியப் பதக்கம் வழங்கினார்.

இன்று பரவலாக நடப்பது லேசிக் முறை. முதலில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்கச் செய்வார்கள். படலத்தின் மேல் ஒரு மெல்லிய மூடி வெட்டுவார்கள். மூடியைத் திறந்து உள்ளே லேசரால் செதுக்குவார்கள். பிறகு மூடியை மூடுவார்கள். தையல் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூடி வெட்டாமல் செய்யும் முறைகளும் உண்டு.

லேசர் எல்லாருக்கும் பொருந்தாது. கீழே உள்ளவர்களுக்கு அது ஆகாது.

• 18 வயது ஆகாதவர்கள்.
• பவர் மாறிக்கொண்டே இருப்பவர்கள்.
• படலம் மிக மெல்லியதாக உள்ளவர்கள்.
• படலம் கூம்புபோல் முன் தள்ளும் நோய் உள்ளவர்கள்.
• கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். இவர்கள் பிறகு செய்யலாம்.
• கண் மிகவும் வறண்டு போகிறவர்கள்.

லேசர் செய்த பிறகு பலருக்குச் சில மாதம் கண் வறளும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளி வட்டம் தெரியலாம். சிலருக்குச் சிறிய பவர் மிஞ்சும். நாற்பது வயதுக்கு மேல் அவர்களுக்கும் வெள்ளெழுத்து வரும். அப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டும். "இனி வாழ்நாள் முழுதும் கண்ணாடி வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

5. வேறு வழிகள்

மூக்குக்கண்ணாடி: விலை குறைவு. ஆபத்து இல்லை. பவர் மாறினால் கண்ணாடியை மாற்றலாம். கண்ணாடி போட்டால் பவர் கூடும் என்பது பொய். போடாமல் இருந்தால் பவர் குறையும் என்பதும் பொய்.

கான்டாக்ட் லென்ஸ்: இதைக் கருவிழியின் மேல் வைப்பார்கள். வெளியே தெரியாது. ஆனால் மிகுந்த சுத்தம் வேண்டும். கை கழுவி உலர்த்திய பிறகே தொட வேண்டும். கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ லென்ஸைக் கழுவக் கூடாது. அதற்கென்று உள்ள திரவத்தில்தான் கழுவ வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு ஆற்றில் முங்கிக் குளிக்கக் கூடாது. தூங்கவும் கூடாது. கவனம் தவறினால் கருவிழியில் புண் வரும். பார்வையே போகலாம்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்: பவர் மிக அதிகம் உள்ளவர்களுக்கும், படலம் மெல்லியதாக உள்ளவர்களுக்கும் இது உதவலாம். சொந்த லென்ஸை எடுக்காமல் கூடுதலாக ஒன்றை உள்ளே வைப்பார்கள். செலவு அதிகம்.

கண்புரை அறுவை: இதில் வெளுத்த லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்பார்கள். 1949இல் லண்டனில் ஹாரால்டு ரிட்லி என்ற மருத்துவர் இதை முதலில் செய்தார். நம் நாட்டில் பல ஆண்டுகள் இந்த லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுப்பார்கள். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் குறைந்த விலையில் லென்ஸ் செய்தது. ஏழையின் கண்ணுக்கும் லென்ஸ் கிடைத்தது.

6. திண்ணையில்

அம்மா செயினை அடகு வைக்கவில்லை. அப்பா இரண்டு நாள் பால் வெட்டப் போகவில்லை. பாட்டியைத் திருவனந்தபுரம் கூட்டிப் போனார். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை செய்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மகள்தான் பாட்டிக்குத் துணை. வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக் கொண்டாள். கண்ணைக் கசக்க விடவில்லை. சில வாரம் கழித்துப் பாட்டிக்கும் வாசிக்கும் கண்ணாடி கிடைத்தது.

ஒரு மாலை. அம்மா புதுக் கண்ணாடியோடு ஊசியில் நூல் கோத்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கதைப் புத்தகம் கிடந்தது. பாட்டி அதை எடுத்தார். ஒரு வரி வாசித்தார். நின்றார். மறு வரி வாசித்தார். பிறகு வேகம் வந்தது. முப்பது ஆண்டுக்கு முன் படித்த எழுத்து எங்கும் போகவில்லை.

மகள் அருகில் வந்து உட்கார்ந்தாள். பாட்டி புத்தகத்தை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பேத்தியின் முகத்தைத் திருப்பி வெகு நேரம் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடி உனக்கு நல்லாத்தான் இருக்கு மக்களே. இப்பதான் நான் ஒழுங்கா பார்க்கேன்."

நினைவில் கொள்ளுங்கள்

• நாற்பது வயதில் எழுத்து மங்கினால் படிப்பை விடாதீர்கள். கண்ணைச் சோதியுங்கள்.
• வயதானவர்களின் பார்வை மங்கினால் "வயது அப்படி" என்று விட்டுவிடாதீர்கள்.
• சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுதோறும் கண்ணைக் காட்ட வேண்டும்.
• லேசர் செய்யும் முன் கேளுங்கள்: பவர் நிலையாக நிற்கிறதா? படலத்தை அளந்தார்களா? மொத்தச் செலவு எவ்வளவு?
• கடன் வாங்கும் முன் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.
• பிள்ளைகள் நாள்தோறும் வெளியில் வெளிச்சத்தில் விளையாடட்டும். கிட்டப்பார்வை வராமல் தடுக்க அது உதவும்.

சொல்லும் பொருளும்

வெள்ளெழுத்து – வயதானால் கிட்டே உள்ள எழுத்து மங்குதல்
கிட்டப்பார்வை – கிட்டே தெரிந்து தூரம் மங்குதல்
கண்புரை – கண்ணுக்குள் உள்ள லென்ஸ் வெளுத்து மங்குதல்
விழித்திரை – கண்ணின் உள்ளே ஒளி விழும் திரை

பதில் சொல்லுங்கள்

1. அம்மா ஏன் வகுப்பை விட நினைத்தார்?
2. மகளுக்கு இப்போது லேசர் ஏன் வேண்டாம்?
3. பாட்டியின் கண்ணில் என்ன குறை? அதற்கு என்ன செய்தார்கள்?
4. வான்கோழித் துண்டில் சீனிவாசன் என்ன கண்டார்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவரும் கடைசியாகக் கண் சோதித்தது எப்போது என்று பக்கத்தில் எழுதுங்கள். இதுவரை சோதிக்காதவர் பெயரின் கீழ் ஒரு கோடு போடுங்கள். அவரை முதலில் கூட்டிப் போங்கள்.